அறுபது மூட்டை உப்பு

புது ஐஸ் பேக்டரி திறந்து மூன்று நாளாகியும் ஒரு கட்டி ஐஸ் விழவில்லை. தொட்டியில் இறக்கிய தகர டின்களில் தண்ணீர் ஜில்லென்று இருந்ததே தவிர, உறையவில்லை. படகுக்காரர் அம்புரோஸ் கெடு வைத்துவிட்டுப் போனார். நாளை மறுநாள் மதியத்துக்குள் ஐஸ் இல்லையென்றால் அவருடைய ஆறு படகும் பழைய பேக்டரிக்கே போய்விடும்.

பேக்டரி முதலாளி சிவனணைந்தபெருமாள் உப்பளக்காரர். இரண்டு உப்பளத்தில் ஒன்றை விற்றுக் கட்டிய பேக்டரி. கோபமெல்லாம் மெஷின் மாட்டிய எஸ்றா மேல் திரும்பியது. ஓட்டை மெஷினைத் தலையில் கட்டிவிட்டான் என்று தெருவே கேட்கத் திட்டினார்.

எஸ்றா அமோனியா வாயு கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாக முகர்ந்தான். கம்ப்ரசரைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டினான். எதிலும் குற்றமில்லை. டின்களைச் சுற்றி நிற்கும் தொட்டித் தண்ணீர் மட்டும் உறையாமலிருக்க அதில் உப்பு கரைக்க வேண்டும். நாற்பது மூட்டை போதும் என்று முன்பே சொல்லியிருந்தான். எவ்வளவு போட்டார் என்று சிவனணைந்தபெருமாளைக் கேட்டான்.

“குறையில்லாமப் போட்டிருக்கேன்லே.”

எஸ்றா அளத்தில் உப்புத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வரவழைக்கச் சொன்னான். குழாய் வந்ததும் ஒரு வாளித் தொட்டித் தண்ணீரை அவர் முன்னால் வைத்தான்.

“நீங்களே பாருங்க அண்ணாச்சி. என்னைவிட உங்களுக்குத்தான் இது பழக்கம்.”

குழாய் இருபத்தைந்தில் மிதந்தது. உப்பளப் பாத்தியில் அந்த எண்ணைப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

“இருபத்தஞ்சுல உப்பு என்ன செய்யும்?” என்று கேட்டான் எஸ்றா.

“தண்ணியில கரையாமப் படிஞ்சு உக்காரும்.”

எஸ்றா தொட்டிக்குள் கைவிட்டு, அமோனியா ஓடும் குளிர்க்குழாயைச் சுரண்டி எடுத்துக் காட்டினான். நகத்தளவு கனத்தில் வெள்ளைப் பொருக்கு. “இங்கன உக்காந்திருக்கு. குளிரு எப்படி வெளிய வரும்? எத்தனை மூட்டை அண்ணாச்சி?”

“அறுபது” என்றார் மெதுவாக. “உப்புக்காரன் வீட்டுத் தொட்டியில கணக்குப் பாத்தா போடச் சொல்லுத?”

எஸ்றா சிரிக்கக்கூட இல்லை. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டான். பொருக்கு கரைந்து, கண்ணாடிக் குழாய் வேண்டிய பதினெட்டைக் காட்டும்வரை தொட்டியைவிட்டு நகரவில்லை.

கெடு நாள் மதியம். முதல் கட்டி பலகையில் சறுக்கி வந்து நின்றது. அம்புரோஸ் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“ஒருவழியா மெஷினைச் சரி பண்ணிட்டியாலே?” என்று எஸ்றாவைக் கேட்டார்.

எஸ்றா கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவன் முகத்தில் துளியும் இல்லை. அதுதான் சிவனணைந்தபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

“மெஷின் மொத நாளே சரியாத்தான் இருந்திச்சு” என்றார், முன்பு திட்டிய அதே உரத்த குரலில். “உப்பை அள்ளிக் கொட்டிக் கெடுத்தது நான். அவன் வேலையில ஒரு குத்தமும் கிடையாது.”

அம்புரோசின் படகுகளுக்கு ஐஸ் ஏறியது. கண்ணாடிக் குழாய் அளத்துக்குத் திரும்பவில்லை. தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கியது.