தவசி வீடு ஆடிய வருஷங்கள்

1931ஆம் வருஷம் தை மாதத்தில் தவசி கொழும்பில் கப்பல் ஏறிய அன்று, பரவையில் இருந்த அவன் வீடு ஆடத் தொடங்கியது. நிலநடுக்கம் இல்லை. வீட்டை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டத்தில் தொட்டித் தண்ணீர்கூட அலுங்கவில்லை. மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக இருந்த அந்த வீடு மட்டும் வடபுறம் மெல்ல எழும்பித் தென்புறம் தாழ்ந்தது. பிறகு தென்புறம் எழும்பி வடபுறம் தாழ்ந்தது. சுவரில் ஒரு விரிசல் விழவில்லை, ஓட்டில் ஒன்று நழுவவில்லை. அந்த வாரம் பரவைச் சந்தையில் கத்தரிக்காய் விலை ரொம்பவும் சரிந்திருந்தது. ஊர் இரண்டு விஷயத்தையும் பேசியது, கத்தரிக்காயைச் சற்று அதிகமாக.

தவசி மதுரையில் ஒரு மில் துரையின் பங்களாவில் சமையல்காரனாக இருந்தவன். துரை சீமைக்குத் திரும்பும்போது அவனை ஒரு கப்பல் கம்பெனிக்குச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார். அது சரக்கு ஏற்றும் கப்பல் இல்லை. பணக்கார வெள்ளைக்காரர்கள் கடலைப் பார்ப்பதற்காகவே மாதக்கணக்கில் உலகத்தைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல். தவசி இதை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி செல்லத்தாய்க்கு விளங்கவில்லை. “அப்ப அது எந்த ஊருக்குத்தான் போகுது?” என்று கேட்டாள். “எந்த ஊருக்கும் இல்ல. கெளம்புன எடத்துக்கே திரும்பி வரும்” என்றான். “அதுக்கு நம்ம கெணத்துல தண்ணி எறைக்கிற கமலை மாட்டு மேல ஏறி உக்காந்துக்கிரலாம்ல? அதுவும் போயிட்டுப் போயிட்டுத்தான் வருது” என்றாள் அவள். தவசி வெகுநேரம் சிரித்தான். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம், ஒரே மூச்சில் முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போகப் போட் மெயில் ரயிலில் ஏறினான்.

வீடு ஆடத் தொடங்கிய முதல் நாட்களில் செல்லத்தாய் ஓயாமல் வாந்தி எடுத்தாள். மாமியார் சோலையம்மாள் பேரப்பிள்ளை வந்துவிட்டதென்று அக்கம்பக்கம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பிறகு மருத்துவச்சி வந்து நாடி பிடித்துப் பார்க்கையில் அவளுக்கே குமட்டி, வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பின் சோலையம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டத்துக்குக் குடிபோய்விட்டாள். மாசியில் ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே விவரம் கேட்டு எழுதினார். வீடு என்றுதான் எழுதமுடியும், வேறு கட்டம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

பரவை என்ற சொல்லுக்குக் கடல் என்று அர்த்தம் உண்டு. ஊரில் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லாததால் அது என்ன ஆட்டம் என்று சொல்ல ஆளில்லை. மதுரையிலிருந்து கருவாடு விற்க வந்த அப்துல் வஹீதுதான் சொன்னார். அவர் வாலிபத்தில் பினாங்குக்குக் கப்பலில் போய் வந்தவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் நடுவீட்டில் கண்ணை மூடி நின்றார். “தாயி, இது கப்பல் ஆட்டம். கரை கண்ணுக்குத் தெரியாத கடலு. உங்க வீட்டு ஆளு எங்க இருக்காரு?” என்று கேட்டார். செல்லத்தாய் சொன்னாள். “அவரு ஆடுறதுதான் இங்க ஆடுது. பயப்படாதீங்க, அல்லா காப்பாத்துவான்” என்று சொல்லிவிட்டு ஒரு கை நெத்திலியை இலவசமாகக் கொடுத்துப் போனார்.

அதிலிருந்து அவள் பயம் போய்விட்டது. கடல் நாட்களை அவள் கற்றுக்கொண்டாள். கால்களை அகட்டி வைத்து நடந்தாள். பானைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டினாள். அமைதியான கடலில் வீடு எருமை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். அப்போது சோறு பொங்கலாம். காற்றுப் பிடித்தால் அடுப்பை மூட்டக்கூடாது. சுவர்களில் உப்புப் பூத்தது. சுரண்டி எடுத்துக் குழம்புக்குப் போட்டாள். ஒருநாள் காலையில் நெல் குதிருக்குப் பக்கத்தில் இறக்கை முளைத்த ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அதைக் குழம்பு வைத்து மாமியாருக்கும் கொடுத்தாள். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால் வீடும் நிற்கும். அன்றைக்கு அவள் வீட்டை மெழுகி, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பூ வைத்துக்கொள்வாள். அவன் தரையில் நடக்கிறான், நாலு மனுஷ முகம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். புயல் நாட்கள்தான் மோசம். நடுவீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கருப்பசாமியையும் மீனாட்சியையும் வஹீது பாயின் அல்லாவையும் சேர்த்துக் கூப்பிட்டு அழுவாள். தோள் கன்றிப்போகும். அத்தனை தூரத்தில் இருக்கும் புருஷனோடு இப்படி ஒட்டி வாழ்ந்த பெண் இந்த வட்டாரத்தில் வேறு எவளும் இல்லை என்று அவளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்க் கமலை இறைப்பாள். மாமனார் இறந்த பிறகு அந்தக் கத்தரித் தோட்டமும் வெங்காயப் பாத்தியும் அவள் ஒருத்தி உழைப்பில்தான் பச்சையாக இருந்தன.

தவசியின் சித்தப்பா மகன் கருத்தக்கண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தான். கப்பல்காரர்கள் மூலம் வரும் சேதிகளை அவன்தான் ஊருக்குக் கொண்டுவருவான். வரும்போதெல்லாம் செல்லத்தாய் அவனுக்குக் கோழி அடித்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, அண்ணன் பனிமலை பார்த்ததையும், கப்பலில் நாடகம் நடப்பதையும், வெள்ளைக்காரிகள் அண்ணன் வைத்த கோழிக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதையும் சொல்வான்.

1933 ஆவணியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வீடு நின்றது. துறைமுகம் என்று நினைத்து அவள் பூ வைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் நின்றது. அதற்கு அடுத்த வாரமும் நின்றது. அகட்டியே நடந்து பழகிய கால்கள் அசையாத தரையில் பின்னிக்கொள்ள, குடத்தோடு விழுந்தாள். அவன் செத்துப்போனான் என்று முடிவு செய்து அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, சோலையம்மாள் மட்டும் அழவில்லை. “என் மகனுக்கு ஒண்ணும் ஆகல. பெத்த வயிறு சொல்லுதுடி” என்றாள். “எனக்கு வீடு சொல்லுது அத்தை. நான் எங்கப்பன் வீட்டுக்குப் போறேன்” என்றாள் செல்லத்தாய். சோலையம்மாள் அன்றைக்கே தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பிக் கருத்தக்கண்ணனை வரவழைத்து, கொட்டத்துக்குள் வைத்துப் பேசி அனுப்பினாள். சில நாள் கழித்து வீடு மறுபடியும் ஆடியது. செல்லத்தாய் மண்ணில் விழுந்து கும்பிட்டு, கருப்பசாமி கோயிலில் பொங்கல் வைத்து ஊருக்கே போட்டாள்.

இந்த ஆட்டம் பழைய ஆட்டம் மாதிரி இல்லை. மெதுவானது, சின்னது, தொட்டிலை ஒரு விரலால் ஆட்டுவதுபோல. பகலில் இருப்பதில்லை, ராத்திரியில்தான். அண்ணன் இப்போது அமைதியான கடலுக்குப் போயிருக்கிறார் என்றான் கருத்தக்கண்ணன். சோலையம்மாள் மகன் பத்திரமாக இருப்பதற்கு நேர்த்திக்கடன் செலுத்தத் திருச்செந்தூர் போகிறேன் என்று போய், ஒரு பெட்டி நிறையச் சில்லுக்கருப்பட்டி வாங்கி வந்தாள். செல்லத்தாய் அதைத் தினமும் ஒன்றாகத் தின்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் நன்றாகத் தூங்கினாள். கல்யாணமானதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. உடம்பு தேறி, கன்னம் உப்பியது. மூன்று வருஷம் முடிந்தும் அவன் வராததுகூட அவளைப் பெரிதாக வருத்தவில்லை.

மறு வருஷம் ஆவணியில் அப்துல் வஹீது அந்தப் பக்கம் வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் அன்றிரவு அங்கேயே தங்க நேர்ந்தது. வாசல்பக்கம் படுத்தவர் வீடு ஆடத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்து, “சந்தோசம் தாயி. ஆளு கரைக்கு வந்துட்டாரா?” என்றார்.

“இல்லியே பாய். கடல்லதான இருக்காக.”

“இது கடல் ஆட்டம் இல்லியே. இது கரையில கட்டிப் போட்ட தோணி. கொஞ்சம் போகுது, கயிறு வெடுக்குன்னு இழுக்குது பாருங்க. இப்ப… ம், இப்ப.”

செல்லத்தாய் தரையில் கை வைத்துப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தாலாட்டு என்று நினைத்திருந்ததற்குள் அந்தச் சின்ன இழுப்பு இருந்தது.

அடுத்த முறை கருத்தக்கண்ணன் வந்தபோதும் அவள் கோழி அடித்தாள். இலையில் சோறு போட்டாள். அவன் அண்ணன் இருக்கும் தூரதேசக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “எந்த ஊருத் தோணி கொழுந்தனாரே?” என்று கேட்டாள். அவன் கை சோற்றிலேயே நின்றது. “மதினி…” என்றான். கொட்டத்திலிருந்து சோலையம்மாள் ஓடி வந்தாள்.

“அவன ஏன்டி கேக்குற? நாந்தான் சொன்னேன். தூத்துக்குடியிலதான் இருக்கான். கப்பல விட்டு எறங்குன எடத்துல ஒருத்தி கூடச் சேந்துட்டான். வீடு நின்னுபோனா நீ உங்கப்பன் வீட்டுக்குப் போயிருவ. நீ போயிட்டா இம்புட்டுத் தோட்டத்தையும் யாரு பாப்பா? அதான் ராத்திரிக்குத் தோணியில படுடான்னு சொல்லிவிட்டேன்.”

செல்லத்தாய் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு, “அந்தக் கருப்பட்டி?” என்றாள்.

“அவன் கல்யாணத்துக்குப் போனப்ப வாங்குனது” என்றாள் சோலையம்மாள்.

அழுகைகூட வரவில்லை என்று செல்லத்தாய் பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அவன் இன்னொருத்தியோடு சேர்ந்ததை ஒருவேளை தாங்கியிருப்பாளாம். அவர்கள் படுத்த தோணி ஆடி ஆடித் தன்னையும் தூங்க வைத்ததை, அந்தத் தூக்கத்தில் தன் உடம்பு தேறியதை, அவளால் தாங்க முடியவில்லை. கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொண்டாள்.

கருவாடு எடுக்க வஹீதும் அவர் மனைவி சைனப்பும் தூத்துக்குடி போனபோது அவளும் ரயில் ஏறினாள். இடுப்பில் வெங்காயத்தாள் அறுக்கும் அரிவாள் இருந்தது. அப்போதுதான் முதல்முறையாகக் கடலைப் பார்த்தாள். பழகிய சாமான் மாதிரி இருந்ததால் அதற்காக நிற்கவில்லை. கருத்தக்கண்ணன் சொன்ன அடையாளப்படியே கரையோரம் ஒரு டீக்கடை, அதன் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பழைய தோணி. கடையில் நிறைசூலியாக உட்கார்ந்திருந்தவள்தான் தவசி சேர்ந்துகொண்ட மலையம்மாள். செல்லத்தாயை யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து உட்காரச் சொன்னாள். பேச்சுவாக்கில், “ஓலை வீடு இருக்கையில தோணியிலதான் படுக்கணும்கிறாரு அக்கா. இந்த வயித்த வச்சுக்கிட்டு ஏறி எறங்க முடியல. கேட்டா வைத்தியரு சொன்னாருங்கிறாரு. நீங்களே சொல்லுங்க, இப்படி ஒரு வைத்தியம் உண்டா?” என்றாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்று செல்லத்தாய்க்குப் புரிந்தது. அவளிடம் கோபப்பட அவளால் முடியவில்லை.

தவசி தோணியில் தனியாகப் படுத்து மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தான். செல்லத்தாய் தண்ணீரில் இறங்கி நடந்து போனாள். விழித்தவன் அவளைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “தோட்டத்த யாரு பாக்குறா?” என்பதுதான். அதுவரை அவனை நீங்க என்றே பேசியவள், “எறங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா நானும் எறங்கியிருப்பேன்ல” என்றாள். “உன் புயலுக்கெல்லாம் நான் அழுதேனேடா.” அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அரிவாளால் கட்டுக்கயிற்றை அறுத்துவிட்டாள். தோணி அசைந்து நகர, தவசி தண்ணீரில் குதித்துக் கரைக்கு நடந்து வந்தான். தோணி காற்றோடு போய்விட்டது.

அதே மதியம் பரவையில் வீடு புறப்பட்டது. முதலில் கொட்டத்துச் சுவரை விட்டு விலகியது, பிறகு வெங்காயப் பாத்தியைத் தாண்டி, வேலியை உரசாமல் வளைந்து, திண்டுக்கல் ரோட்டுக்கு வந்தது. ரோட்டில் வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கி வழிவிட்டார்கள். சோலையம்மாள் கொட்டத்திலிருந்து கத்திக்கொண்டே பின்னால் ஓடிக் களைத்து உட்கார்ந்துவிட்டாள். செல்லத்தாய் ஊர் திரும்பியபோது வீடு வைகைக்குள் இறங்கிக் காய்ந்த மணலில் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவள் கரையோரமாக நடந்தே போய் அதைப் பிடித்தாள், வாசற்படியில் ஏறினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வீடு செல்லூரில் கரையேறி, நெசவுக்காரர் சந்து ஒன்றில் இரண்டு வீடுகளுக்கு நடுவே சரியாக இருந்த காலி இடத்தில் நின்றது. அங்கே அவள் தறிகளுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். முனிசிபாலிட்டிக்காரர்கள் அளந்து பார்த்துக் கதவிலக்கம் கொடுத்தார்கள். பரவைத் தோட்டம் இரண்டு கோடையில் காய்ந்தது. சோலையம்மாள் கொட்டத்திலேயே இருந்து கொட்டத்திலேயே இறந்தாள். செல்லத்தாய் போய்த் தலைமாட்டில் நின்றுவிட்டு, அழாமல் திரும்பினாள்.

1942இல், துறைமுகங்களில் குண்டு விழும் என்று சனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த சமயம், தவசி செல்லூருக்கு வந்தான். மலையம்மாள் எப்போதோ மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். தலை நரைத்து, கையில் ஒரு துணிமூட்டையோடு சந்தில் நின்று, “இது எங்கப்பன் கட்டுன வீடு” என்றான். உள்ளே செல்லத்தாய் தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. அவன் படியில் கால் வைக்கப் போனான். வீடு ஒரு அடி பின்னால் போனது. இன்னொரு எட்டு வைத்தான். இன்னொரு அடி போனது. பின்னால் இருந்த நெசவாளி முத்திருளன் வீட்டுச் சுவரில் நறநறவென்று உரசியது. உள்ளே தறியில் நூல் அறுந்தது.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நான்காம் தடவை முத்திருளனும் சந்துக்காரர்கள் சிலரும் அவனைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். “அண்ணே, உங்க குடும்ப விவகாரத்துல நாங்க தலையிடல. ஆனா நீங்க வாரப்பெல்லாம் வீடு பின்னால வந்து இடிக்குது. சுவரு தாங்காது. தொழில் கெடுது. தயவு செஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க.”

தவசி சந்தின் கடைசியில் தெரிந்த வீட்டைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு பாலத்துப் பக்கமாகப் போனான்.

செல்லத்தாய் வாசலுக்கு வந்தாள். “போயிட்டானா?”

“போயிட்டாரு அக்கா” என்றான் முத்திருளன்.

அவள் சந்தைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், உரசிய இடத்தைக் கையால் தடவினாள். “எம்புட்டுத் தூரம் பேத்திருக்குன்னு பாத்துச் சொல்லு தம்பி. ஞாயித்துக்கெழம சுண்ணாம்பு வாங்கியாந்து நானே பூசித் தாரேன்” என்றாள்.