ஆறுமணிக் கோல்

கிருபைராஜுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று, பாளையங்கோட்டை வைத்த பெயர் இன்னொன்று. இரண்டு தெரு தள்ளி யாராவது 'அடிலே' என்று பைய இருமினால்கூட அவர் திரும்பிப் பார்த்துவிடுவார். திரும்பக் கூடாது என்று ஆறு வருஷமாகப் பழகிக்கொண்டுதான் இருந்தார். கழுத்து கேட்கவில்லை.

அந்தப் பெயர் வந்தது 1911ஆம் வருஷம், கல்லூரி மைதானத்தில், கடற்கரைக் கல்லூரியோடு நடந்த கால்பந்து ஆட்டத்தில். கல்லூரிகளின் பெயரைக் கேட்கக் கூடாது. இரண்டு கல்லூரியுமே அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வந்தவர்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள், கடல் மணலில் ஓடிப் பழகின கால்கள். நம்மவர்கள் மிஷன் பிள்ளைகள், வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். பொழுது சாயும் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

அப்போது தெற்கே கத்தோலிக்கக் கோயிலில் ஆறு மணி அடித்தது. திரிகால ஜெப மணி. அந்த மணி கேட்டால் கடற்கரையில் வலை இழுக்கிற கை நிற்கும், உலை வைக்கிற கை நிற்கும், சண்டை போடுகிற வாய்கூட நிற்கும். வந்த பதினொரு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கோல் காத்துக்கொண்டிருந்த மத்தியாஸ் நெற்றியில் சிலுவை போட்டு, கண்ணை மூடித் தலைகுனிந்தான்.

மிஷன் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர்கள் சபையில் மணி அடித்தால் நிற்பதில்லை, ஓடுவார்கள். பிந்திப் போனால் சபையின் போதகரான ஐயர் பிரசங்க பீடத்திலிருந்து முறைப்பார்.

பந்து பாக்கியசீலன் காலில் இருந்தது. எதிரே ஆள் இல்லை, ஜெபம்தான் இருந்தது. அவனும் நின்றுவிட்டான். நின்று, என்ன செய்ய என்பதுபோல, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். அந்த நேரம் பார்த்து, ஞாயிறுதோறும் கோயிலில் பாட்டெடுக்கிற ஒரு தொண்டை, ஆர்மோனியம் மக்கர் செய்த நாளிலும் முழுச் சபையையும் இழுத்துக்கொண்டு போகிற தொண்டை, "அடிலே!" என்றது. அது கிருபைராஜின் தொண்டை. பின்னாலேயே முந்நூறு தொண்டை.

பாக்கியசீலன் அடித்தான். பந்து மத்தியாஸின் காலோரமாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறதுபோல மெள்ள உருண்டு போனது. நடுவராக நின்ற துரை சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினார். அதில் மணியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே கோல்.

அன்றைக்குக் கிருபைராஜைத் தோளில் தூக்கினார்கள். பாக்கியசீலனைத் தூக்கத் தேடினால் ஆளைக் காணோம். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. சேரன்மகாதேவியில் வாத்தியார் வேலைக்குப் போய்விட்டான். எப்போதாவது பாளையங்கோட்டைக்கு வந்தால்கூட மைதானம் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போகிறான் என்று சொல்லிக்கொண்டார்கள். கடற்கரைக் கல்லூரியும் பிறகு ஆட வரவில்லை.

ஆட்டம் நின்றது. அதைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. முதல் வருஷம் வாசகசாலையில், "நான்தான் மொதல்ல கத்துனேன்" என்று நாற்பது பேர் அடித்துக்கொண்டார்கள். மறு வருஷம் ஐயர் ஒரு பிரசங்கத்தின் நடுவே, "ஜெபிக்கிறவனுக்கு விரோதமாக..." என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் பெருமூச்சு விட்டார். நாற்பது பேர் நாலு பேரானார்கள். அதற்கு அடுத்த வருஷம், "கத்தலவே, லேசா மொனங்கியிருப்போம்" என்றார்கள். ஐந்தாம் வருஷத்தில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. முந்நூறு பேரும் அன்றைக்கு மனம் நொந்து மௌனமாக நின்றார்கள். கத்தியது ஒரே ஒரு ஆள்.

கிருபைராஜ் மறுத்துப் பேசவில்லை. முதல் சத்தம் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆட்டம் நடந்த மறு ஞாயிறே, கோயிலில் பாட்டெடுக்க வாயைத் திறந்தபோது பின்வரிசையில் யாரோ 'அடிலே' என்று இருமினார்கள். அதோடு சத்தம் உள்ளே போய்விட்டது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்ன, மீனு கணக்கா வாயத் தொறந்து தொறந்து மூடுதிய?" என்றாள் மனைவி சாலோமி.

"தொண்ட சரியில்ல."

"ஆறு வருசமாவா?"

சர்க்கார் கச்சேரியில் அவர் பார்த்த குமாஸ்தா வேலைக்குத் தொண்டை தேவையில்லை. ஆனால் அவருக்குத் தன் சத்தம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இருமாமல், ஒரு பாட்டை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

1917இல், ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருக்கையில், கடற்கரைக் கல்லூரி மறுபடியும் ஆட வருவதாகச் செய்தி வந்தது. கூட வருகிற வாத்தியார் யார் என்று விசாரித்தால், அன்றைக்குக் கோல் காத்த அதே மத்தியாஸ். கிருபைராஜ் நேரே வாசகசாலைக்குப் போனார். பழைய கூட்டம் அங்கேதான் இருந்தது.

"இந்தத் தடவ ஆறு மணி அடிச்சா நம்ம பிள்ளைகளும் நிக்கணும், நாமளும் நிக்கணும். தொப்பி, தலப்பாவக் கழத்தணும். அவ்வளவுதான்" என்றார்.

"நாங்க அன்னைக்கே நின்னோம்லாவே. கத்துனது நீருல்லா" என்றார் ஒருவர்.

"சரிவே, நானே கத்துனேன். இந்தத் தடவ என்கூட நில்லும்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி உபதேசியார் கையை உயர்த்தினார். "அவங்க ஜெபம் பண்ணுதாங்க. நாம தூணு மாதிரி சும்மா நின்னா என்ன அர்த்தம்? நம்ம பக்கத்துலயும் ஒரு ஜெபம் வேணும். நான் பண்ணுதேன்."

"சின்ன ஜெபந்தான, அண்ணாச்சி?"

"சின்னதுதான்வே."

கிருபைராஜ் அங்கேதான் தப்புச் செய்தார். சீவலப்பேரியில் ஒரு கல்யாணப் பந்தியில் உபதேசியார் ஜெபித்து முடிப்பதற்குள் குழம்பை இரண்டு தரம் சுட வைத்தார்கள். அந்தப் பந்தியில் கிருபைராஜும் உட்கார்ந்திருந்தார்.

ஆட்ட நாளில் மைதானம் கொள்ளாத கூட்டம். எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்காமல் தெற்கேயே காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் விழவில்லை. விழாவிட்டால் என்ன, மணி அடித்தால் போதும் என்று இருந்தது ஊர்.

மணி அடித்தது. கடற்கரைப் பிள்ளைகள் நின்றார்கள். அதே நொடியில் மிஷன் பிள்ளைகளும் நின்றார்கள். கூட்டம் முழுக்கத் தலைப்பாகைகள் இறங்கின. நடுவர் துரையும், புதிய துரைதான், தொப்பியைக் கழற்றினார். எதிர்ப்பக்கத்தில் மத்தியாஸ் இதைப் பார்த்துத் திகைத்து, பிறகு கிருபைராஜ் நின்ற பக்கமாகத் திரும்பி நெஞ்சில் கைவைத்தார். கிருபைராஜின் கழுத்திலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது.

திரிகால ஜெபம் நீளமானதல்ல. கடற்கரைப் பிள்ளைகள் முடித்து, சிலுவை போட்டு, நிமிர்ந்தார்கள்.

அப்போதுதான் உபதேசியார், "இரக்கமும் உருக்கமுமுள்ள எங்கள் பரம பிதாவே!" என்று தொடங்கினார்.

சக்கரவர்த்திக்காக ஜெபித்தார். ராணிக்காகவும், பெயர் சொல்லி ஒவ்வொரு இளவரசருக்காகவும் ஜெபித்தார். தாமிரபரணியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரவேண்டும் என்றார். சீவலப்பேரி மாடுகளின் கோமாரியையும், கல்லூரித் தலைவரின் ஜலதோஷத்தையும் கர்த்தரின் பாதத்தில் வைத்தார். பிறகு ஜெபத்திலேயே கப்பலேறி, சண்டைக்குப் போன சிப்பாய்களைத் தேடி மெசபொத்தாமியாவுக்குப் போனார். ஆமென் வருமுன் கண்ணைத் திறப்பது மிஷன் சபையில் வழக்கமில்லை. அத்தனை கண்களும் மூடியே இருந்தன. துரையுடையதும்தான்.

பந்து, வளன் என்ற கடற்கரைப் பையனின் காலில் இருந்தது. எதிரே கோல் காக்கிறவன் கைகூப்பி நின்றான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விசில் ஊதி யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆடலாமா, கூடாதா? வளன் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். அங்கே திறந்திருந்தவை கிருபைராஜின் கண்கள் மட்டும்தான்.

அதே பார்வை. பாக்கியசீலன் பார்த்த பார்வை.

கிருபைராஜ் யோசித்தார். இது உள்ளே போனால் அது கழிந்துபோகும். அவர்கள் ஜெபத்தில் நாம் போட்டோம், நம் ஜெபத்தில் அவர்கள் போடட்டும். வாயைத் திறந்தார். ஆறு வருஷமாக வராத சத்தம், பிசிறில்லாமல், முழுதாக, மைதானத்தின் அந்தக் கோடி வரை வந்தது.

"அடிலே!"

பெரிய மனுஷர் ஒருவர் சொல்கிறாரே என்று பையன் அடித்துவிட்டான்.

உபதேசியார் மெசபொத்தாமியாவிலேயே நின்றுபோனார். கண்கள் திறந்தபோது பந்து கம்பங்களுக்கு நடுவே கிடந்தது. துரை இரண்டு பக்கத்தாரையும் விசாரித்தார். இதற்கு முன்மாதிரி உண்டு என்று யாரோ அவருக்கு 1911ஐ எடுத்துச் சொன்னார்கள். ஆகவே கோல். அதோடு இருட்டியும் விட்டது.

"எதிராளிக்காவே கத்துனீரு!" என்று நாலு பேர் கிருபைராஜைச் சூழ்ந்தார்கள். "அன்னைக்கும் நீரு, இன்னைக்கும் நீரு! உமக்கு வேற வார்த்தயே தெரியாதாவே?"

அவர் காதில் அது ஏறவில்லை. எதிர்ப்பக்கத்தில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வளனைத் தூக்க வந்தவர்கள் ஆளைக் காணாமல் தேடினார்கள். அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தான்.

கிருபைராஜ் போய்ப் பக்கத்தில் குந்தினார். "ஏலே, அழாத. நான்தான அடிக்கச் சொன்னேன். பழி எனக்குத்தாம்லே."

வளன் துண்டை எடுக்கவில்லை. "நீங்க சொன்னிய. காலு என்னோடதுல்லா, அண்ணாச்சி? ஜெபத்துல நிக்கவன் மேல அடிச்சேன்னு எங்க அம்மைக்குத் தெரிஞ்சா..."

மத்தியாஸ் வந்து நின்றார். கிருபைராஜ் எழுந்து, ஆறு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார். "அன்னைக்கு உமக்கு நாங்க செஞ்சது..."

"எனக்கா?" மத்தியாஸுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயிச் சோறு தின்னுட்டுத் தூங்கிட்டேன்வே. ஜெபத்துல விழுந்த கோலுல எனக்கு என்ன வெக்கம்? அடிச்சாரே ஒருத்தரு, அவரு மொகம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. அவரு எப்படி இருக்காரு?"

"சேரன்மாதேவில வாத்தியாரா இருக்கான்."

"ஆடுதாரா?"

"தொடுததே இல்ல."

மத்தியாஸ் வளனைப் பார்த்தார். பிறகு கிருபைராஜைப் பார்த்தார். "நீரு போயிப் பாத்தீராவே?"

சேரன்மகாதேவி ரொம்பத் தூரமில்லை, ரயில் போகிறது. இத்தனை வருஷத்தில் தன் பெயரைத் தவிர வேறு யாரைப் பற்றியும் கிருபைராஜ் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலேறினார். சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில், வகுப்பு வாசலில் நிழல் தட்டியதும் பாக்கியசீலன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. வந்தவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு வேணும்?"

என்ன பெயர் சொல்ல என்று கிருபைராஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நான்தான், அடிலே" என்றார்.

பாக்கியசீலன் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை மேசைமேல் வைத்தான்.

"பிள்ளைங்க பரீட்ச எழுதுது. சத்தம் போடாம அங்கன நில்லும்" என்றான்.

கிருபைராஜ் சத்தம் போடாமல் நின்றார்.