கரோல் வான் நிற்காத வீடு

நத்தார் பாட்டை யூலை மாதத்தில் பதிவுசெய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைதான். அங்கே வரிசை நீளம். யூலை முடியுமுன் பாட்டைக் கொடுக்காவிட்டால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் தட்டு கடைக்கு வராது. இருபத்தாறாம் திகதி நத்தார் பாட்டை யாரும் வாங்குவதில்லை.

ஆகவே 'ஈரக்கோட்' இசைக்குழுவின் மூன்று பேரும் முப்பத்திரண்டு பாகை வெயிலில், லண்டன் டெப்ட்போர்டில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருந்த ஸ்டூடியோவில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் பாடும்போது அதை அணைக்க வேண்டும். தலைக்கு மேலே ரயில் போனால் பாட்டை நிறுத்த வேண்டும். இரண்டு ரயில்களுக்கு இடையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வருடத்துக்கு ஒரு நத்தார் தட்டு வெளியிடும் சிறு லேபிள் ஒன்று இந்த முறை அவர்களைக் கேட்டிருந்தது. ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, மொத்தம் முந்நூறு பிரதி. ஒவ்வொன்றிலும் கையால் இலக்கம் எழுதப்படும். தட்டு வெட்டுபவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பாட்டு நாலு நிமிடம் இருபது விநாடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தட்டிலுள்ள பள்ளக் கோடுகளை நெருக்கமாக வெட்ட வேண்டும், சத்தம் குறைந்துபோகும்.

பாட்டு அனோஜினியின் யோசனை. அவள்தான் பாடகி. அவளுடைய தகப்பன் சவிரிமுத்து தொண்ணூறுகளில் வட லண்டன் எட்மண்டனில் கரோல் கோஷ்டி நடத்தியவர். டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கி, ஒரு மளிகைக்கடைக்காரரின் வெள்ளை வானை இரவல் வாங்கி, அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஏறிக்கொள்வார்கள். வானுக்குள் கருவாடும் கறிவேப்பிலையும் மணக்கும். அக்கோடியன் ஒன்று, மேளம் ஒன்று, சல்லாரித் தாளம் ஒன்று, பஞ்சுத் தாடி ஒட்டிய நத்தார் தாத்தா ஒருவர். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள், பெற்றோல் ஸ்டேசனில் வேலைசெய்தவர்கள், பழைய துணிக்கடைக் கோட்டுக்குள் கழுத்துவரை புதைந்தவர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுக்காரரின் பேரைச் சொல்லிப் பாடுவார்கள்.

"சூசைமுத்து வீட்டாரே, கதவைத் திறவுங்கோ, பாலன் பிறந்திட்டார், குளிரிலை நிக்கிறம்."

பிறகு றிச் கேக், றோல்ஸ், சின்னக் கிளாசில் வைன். அடுத்த வீடு.

அந்தக் கோஷ்டியின் தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பட்டியலில் இருந்த பேர்களை, வான் போன அதே ஒழுங்கில் பாட்டாக்குவதுதான் அனோஜினியின் திட்டம். தகப்பனின் பழைய அப்பியாசக் கொப்பியிலிருந்து பதினொரு பேரைத் தட்டச்சுச் செய்து மற்ற இருவருக்கும் அனுப்பியிருந்தாள். கிட்டார்காரன் ஜெராட் இசையமைத்தான். அவளுடைய தம்பி றஜீவ் மேளம். கடைசி வீட்டுக்குப் பிறகு மேளம் மட்டும் தனியாக ஒலித்துத் தூரப்போய் மறைய வேண்டும் என்று ஜெராட் பிடிவாதமாக நின்றான். "மேளகாரனை ரோட்டிலை இறக்கிவிட்டுப் போற மாதிரி இருக்கு அண்ணை," என்று றஜீவ் பகிடி பண்ணினான். ஆனாலும் அது நன்றாகத்தான் இருந்தது.

பத்து வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஜெராட் லூயிஷாம்காரன் என்றுதான் மற்ற இருவருக்கும் தெரியும். பத்து வயதில் ஒரே ஒரு வருடம் தானும் எட்மண்டனில் இருந்ததை அவன் சொன்னதில்லை.

மதிய இடைவேளையில் மற்ற இருவரும் ஐஸ் வாங்கப் போயிருந்தார்கள். அனோஜினி கொப்பியை மேசையில் விட்டிருந்தாள். தட்டின் உறையில் அதன் ஒரு பக்கத்தைப் படமாகப் போடுவதாகப் பேச்சு. ஜெராட் அதைத் திறந்தான். மை மங்கிய சாய்ந்த எழுத்து. வீதி, வீட்டு இலக்கம், பேர். பட்டியலில் பதினொன்று அல்ல, பன்னிரண்டு வீடுகள் இருந்தன. ஏழாவதாக, 'யாக்கோப்பு, மூன்றாம் மாடி, கதவு 31' என்று எழுதி, அதன்மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தது.

யாக்கோப்பு அவனுடைய தகப்பன்.

அந்த வருடம் ஒக்ரோபரில் யாக்கோப்பு வேறொரு பெண்ணோடு கனடாவுக்குப் போய்விட்டார். தாய் சந்திரவதனா சைவக்காரி, கல்யாணத்துக்காகத் தன் வீட்டைப் பகைத்துக்கொண்டவள். என்றாலும் டிசம்பரில் அவள் மகனுக்காக நத்தார் செய்தாள். ஐம்பது றோல்ஸ் பொரித்தாள். அவன் மேசையில் கிளாசுகளை வரிசையாக அடுக்கிவிட்டு யன்னலுக்குப் போனான். மேளச் சத்தம் பக்கத்துக் கட்டடத்தில் கேட்டது. பிறகு வீதியில் கேட்டது. வெள்ளை வான் கீழே வந்தது, வேகம் குறைந்தது, பிறகு போய்விட்டது. உள்ளே யாரோ சும்மா தட்டிக்கொண்டிருந்த மேளம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "புது வீடெல்லே, அவைக்கு எங்கடை அட்ரஸ் தெரியாது," என்றாள் தாய். மூன்று நாள் றோல்ஸ் சாப்பிட்டார்கள். தையில் லூயிஷாமுக்கு வீடு மாறினார்கள்.

அட்ரஸ் தெரியாது என்பதை அவன் இருபத்தேழு வருடமாக நம்பியிருந்தான். அனோஜினி அனுப்பிய பதினொரு பேரில் தங்கள் பேர் இல்லாதபோதும் அவனுக்கு வருத்தம் வரவில்லை. தெரியாத வீட்டை எப்படி எழுதுவார்கள்?

இடைவேளைக்குப் பிறகு அவன் கிட்டாரை மூன்று தடவை பிழையாக வாசித்தான்.

"அண்ணை, விரலுக்கு லீவு குடுத்திட்டியளோ?" என்றான் றஜீவ்.

"ஏழாவது வீடு ஏன் வெட்டியிருக்கு?" என்று ஜெராட் அனோஜினியிடம் கேட்டான்.

"ஆருக்குத் தெரியும்? வெட்டின பேரெண்டு விட்டிட்டன். ஏன்?"

"அது எங்கடை வீடு."

அவள் கொப்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மேலே ஒரு ரயில் போனது.

நாலு மணிக்குச் சவிரிமுத்து வருவதாக இருந்தது. சல்லாரி தட்டுவதற்கு அனோஜினி கூப்பிட்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது. வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒரு பை நிறையச் சாப்பாட்டுப் பார்சல்களோடு வந்து, "இதென்ன, பேக்கரி அடுப்பு மாதிரிக் கிடக்கு," என்றபடி இருந்தார். ஜெராட் கொப்பியை அவர் முன்னால் வைத்து, தான் யாருடைய மகன் என்று சொன்னான்.

அவர் கண்ணாடியைப் போட்டார். அந்தப் பக்கத்தை வாசிக்கத் தேவைப்பட்டதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொப்பர் போனபிறகு அது ஆம்பிளையில்லாத வீடு. நாங்கள் பன்னிரண்டு ஆம்பிளையள் இருட்டினாப்பிறகு வைன் குடிச்சுப்போட்டு அங்கை ஏறிப்போனா, அடுத்தநாள் கொம்மாவைப் பற்றித்தான் சனம் கதைக்கும். அவவின்ரை நன்மைக்கெண்டுதான் வெட்டினனாங்கள்."

"அம்மாட்டைக் கேட்டனீங்களோ அங்கிள்?"

"இல்லை."

"அண்டைக்கு எங்கடை வீட்டிலை லைட் எரிஞ்சது."

"ஓம். கண்டனான். நான்தான் வான் ஓடினது." சவிரிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "நிப்பாட்டத்தான் கால் வைச்சனான். பின்னாலை எல்லாரும் பேசாமல் இருந்தாங்கள். ஒருத்தனும் இறங்கேல்லை. நானும் இறங்கேல்லை."

"அப்பா," என்றாள் அனோஜினி.

றஜீவ்தான் முதலில் வழி சொன்னான். ஏழாவது வீட்டையும் பாடினால் என்ன? அதுவரை இருந்தபடி பாட்டு நாலு நிமிடம் ஒன்பது விநாடி. ஒரு வீட்டுக்குப் பத்தொன்பது விநாடி. தட்டு வெட்டுபவரின் எல்லையை எட்டு விநாடி தாண்டும். அனோஜினி பேனாவை எடுத்தாள். மற்றப் பதினொன்றும் ஆண்களின் பேர்கள். இங்கே, விட்டுப்போன யாக்கோப்பின் வீடு என்று பாட முடியாது.

ஜெராட்டிடம் தாயின் பேரைக் கேட்டு, "சந்திரவதனா வீட்டாரே," என்று மெதுவாகப் பாடிப் பார்த்தாள். மெட்டில் சரியாக இருந்தது.

ஜெராட்டுக்கு அது வேண்டும்போலிருந்தது. எவ்வளவு வேண்டும் என்பது அவள் பாடிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அன்று யன்னலில் நின்ற பையன் கேட்டிருக்கவேண்டிய வரி அது. முந்நூறு தட்டுகளில், அழியாமல். ஆனால் கேட்காமல் பாட முடியாது. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லைத்தானே.

அவன் தாய்க்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் சொல்லி, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான்.

"ஓ, அதையோ கேக்கிறாய்," என்றாள் சந்திரவதனா. பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். வான் ஓடின மனுசன் குனிஞ்சு மேலை பாத்தவர். அட்ரஸ் தெரியாத ஆள் அப்பிடிப் பாக்குமோ? உனக்குச் சொல்லி என்ன செய்யிறது, நீ சின்னப்பிள்ளை."

"இப்ப அந்த வீட்டைப் பாட்டிலை சேக்கலாமெண்டு யோசிக்கிறம் அம்மா. உங்கடை பேரிலை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வேண்டாம்."

"ஏன்?"

"வராத வீட்டை வந்ததெண்டு பாடுறதோ? அது பொய்யெல்லே. இருபத்தேழு வருசம் கழிச்சுத் தட்டிலை போட்டு வித்தா, நான் அண்டைக்குக் கதவு திறந்தனான் எண்டு ஆகுமோ? போனது போனமாதிரியே கிடக்கட்டும்."

சவிரிமுத்து போனை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார்.

"தங்கச்சி, நான் சவிரிமுத்து கதைக்கிறன்."

"ஓம், விளங்குது. சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன். நான் செய்தது பிழை."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"வாறதெண்டா வாங்கோ," என்றாள் அவள். "நத்தார் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஆனா நான் றோல்ஸ் சுடமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

போன் வைத்த பிறகு ஜெராட் கிட்டாரைச் சுருதி சேர்த்தான். சுருதி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஏழாவதை விடமாட்டன்," என்றான். "பேர் இல்லை, சொல் இல்லை. ஆறாவது வீடு முடிய அனோ நிப்பாட்டட்டும். கிட்டாரும் இல்லை. மேளம் மட்டும் பத்தொன்பது விநாடி. பிறகு எட்டாவது வீடு. கடைசியிலை மேளம் தூரப்போறதும் அப்பிடியே இருக்கட்டும்."

"அப்ப நாலு இருபத்தெட்டு," என்றான் றஜீவ். "தட்டு வெட்டிற ஆள் கத்தப்போறார். மற்ற வீடுகளின்ரை சத்தமும் சேந்து குறையும் அண்ணை."

"குறையட்டும்."

றஜீவ் குச்சிகளை எடுத்தான். இந்த முறை பகிடி பண்ணவில்லை. "எப்பிடி அடிக்க? பாட்டுக்கு அடிக்கிற மாதிரியோ?"

"இல்லை. வானுக்குள்ளை இருந்து ஒருத்தன் சும்மா தட்டுற மாதிரி. வேறை என்ன செய்யிறதெண்டு தெரியாமல்."

மின்விசிறியை அணைத்தார்கள். ரயிலுக்காகக் காத்திருந்து, அது போனதும் தொடங்கினார்கள். முதல் ஆறு வீட்டுக்கும் சவிரிமுத்து சல்லாரி தட்டினார், வயதுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு. பழைய வாசல்கள் அவருடைய கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தன போலும். ஆறாவது முடிந்து மேளம் தனித்தபோது சல்லாரியின் இரண்டு தட்டுகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஒலி வராமல் பார்த்துக்கொண்டார். எட்டாவது வீட்டுக்கு அவர் சேர வேண்டும். சேரவில்லை. மீதி ஐந்து வீடுகளும் சல்லாரி இல்லாமலே பதிவாகின. அனோஜினி நிறுத்தவில்லை. பிறகு கேட்டுப் பார்த்தபோது அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

வெளியே வந்தபோது ஏழு மணி, வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. தாய் இருக்கும் லூயிஷாம் அங்கிருந்து பத்து நிமிடம். ஜெராட் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தான். சவிரிமுத்து மகளின் காருக்குப் போகாமல் அவனுக்குப் பின்னால் வந்தார்.

"தம்பி, கொம்மா எத்தினையாம் மாடி?"

"ரெண்டாம் மாடி. லிப்ட் வேலை செய்யாது அங்கிள்."

"முழங்கால் ரெண்டும் பழுது," என்றார் அவர். "மெதுவாத்தான் ஏறுவன். நீர் முன்னுக்குப் போய்ச் சொல்லும்."