பூஜ்ஜியத் திரையில் அத்தை

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குக் கறுப்புத்திரை என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயரல்ல, அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து வைத்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடும். அதில் கட்டளைகளைத் தட்டித் தட்டியே எங்கோ கிடக்கும் சர்வர்களை ஆட்டிவைப்பாள். ஐகான், படம், மவுஸ் என்று யாராவது பேச்செடுத்தால், அதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். இப்படிப்பட்டவளைத்தான் ஒருநாள் மதியம் அதே மவுஸ் சந்தி சிரிக்க வைத்தது.

பேருந்து நிலையங்களின் சுவரில் பெரிய போர்டு மாட்டியிருக்கும் அல்லவா, எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த நடைமேடையில் என்று காட்டுவது? அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் கம்பெனியின் தொழில். ஒவ்வொரு நிலையத்திலும் பூட்டிய ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு சர்வர், அதிலிருந்து சுவருக்கு ஒரு கேபிள். கல்யாணத்துக்கு முன்பு அவள் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கல்யாணமானதும் வந்தது வம்பு. கணவன் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடையை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வர முடியாது. அவளுக்கோ வேலையை விட மனமில்லை. மேலாளர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும். அந்த ஒரு மாதத்தில் எந்த நிலையத்திலாவது யாராவது அறையைத் திறந்து மெஷினில் கை வைக்க வேண்டிவந்தால், மறுநாளே அவள் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கை வைக்காமல் மாதம் முடிந்தால் வீடே அலுவலகம்.

அந்த மாதத்தின் கடைசி நாள்தான் அது.

வீட்டில் கணவன், அவன் அம்மா, ஒரு பூனை. கணவனின் அம்மாவை அவள் அத்தை என்று கூப்பிட்டாள். இருவருக்கும் சண்டை கிடையாது, நெருக்கம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஒரே லிஃப்டில் ஏறிவிட்ட இரண்டு பேர் மாதிரி மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அத்தை தன் தோற்றத்தில் கண்ணும் கருத்துமாக இருப்பவர். தலையில் ஒரு முடி அதன் இஷ்டத்துக்கு நிற்காது. வாசலில் பால் பாக்கெட் எடுக்கப் போனாலும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் போவார். யாராவது போனைத் தூக்கினால், "இரு இரு, தலை வாரிட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் போட்டோ எடுக்க வந்தவர்களுக்கு எடுக்கும் ஆசையே போய்விடும்.

அப்படிப்பட்ட அத்தை அந்த மாதத்தின் நடுவில் ஒருநாள் மதியம் சோபாவில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பூனை அவர் வயிற்றின் மேல் ஏறிப் படுத்து, அதுவும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. கறுப்புத்திரை ஓசைப்படாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கேலிக்காக எடுக்கவில்லை. அந்த வீட்டில் தனக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது அந்தக் கணத்தில்தான். யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள்.

கடைசி நாளன்று பார்த்து ஒரு வேலை வந்தது. பக்கத்து ஊர் நிலையத்தின் போர்டு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு போட வேண்டும். அதைச் செய்தவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ, கறுப்புத்திரையில் கட்டளை தட்டினால் ஏற்றுக்கொள்ளாது. ஜன்னல் திறந்து, பெட்டியில் டிக் அடித்து, அடுத்து, அடுத்து என்று பொத்தானை அழுத்தினால்தான் நகரும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்த சர்வரில் மவுஸால் இயக்கும் ஒரு டெஸ்க்டாப்பை நிறுவினாள். அதை வீட்டிலிருந்து பார்க்கத் தொலைவிணைப்பும் போட்டாள். நிலைய அதிகாரிக்குப் போன் செய்து, ஒரு மணி நேரம் போர்டு இருட்டாக இருக்கும், அதுவரை மைக்கில் அறிவித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கம்ப்யூட்டரை நம்பாத மனிதர். மைக் என்றதும் உச்சி குளிர்ந்து சம்மதித்தார்.

ஒரு சர்வருக்குப் பல திரைகள் இருக்கலாம். இணையும்போது எத்தனையாவது திரை என்று கேட்கும். அவள் தொழிலில் எண்ணுவதே பூஜ்ஜியத்திலிருந்துதான். பழகிப்போய், வீட்டு மாடிப்படியைக்கூட ஒருமுறை பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஏறினாள். அதைக் கேட்ட அத்தை மகனைப் பார்த்த பார்வையை அவன் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தான் புதிதாகப் போட்ட முதல் திரை பூஜ்ஜியம்தானே என்று கொஞ்சமும் யோசிக்காமல் அதையே தட்டினாள். வெற்று நீலத் திரை ஒன்று விரிந்தது.

பழைய பதிப்பைக் கழற்றி, புதியதை ஏற்றச் சொல்லி, மூலையில் ஒரு சின்ன ஜன்னலில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நத்தையோடு பந்தயம் வைத்திருந்தால் நத்தைதான் ஜெயித்திருக்கும். சும்மா இருந்த கைக்கு மவுஸ் சுவாரசியமாகத் தெரிந்தது. இந்த நீலம் என்ன, அழுது வடிகிறதே என்று பின்னணிப் படத்தை மாற்றப் போனாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் அத்தை தூங்கும் படத்தையே போட்டாள். திரை முழுக்க அத்தை, பிளந்த வாய், பூனை. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. டெஸ்க்டாப்போடு இலவசமாக வந்த சீட்டாட்டம் ஒன்றும் இருந்தது, தனியாக ஆடுவது. அதையும் திறந்தாள். மவுஸைப் பற்றி இத்தனை வருஷம் பேசியதையெல்லாம் மறந்து ஆட்டத்தில் மூழ்கிப்போனாள்.

அப்போதுதான் போன் அடித்தது. அத்தை. பக்கத்து ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவர் அன்று திரும்ப வேண்டும்.

"நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்மா," என்றார் நிதானமாக. "அந்தச் சிவப்பு ஒன்பதைத் தூக்கிக் கறுப்புப் பத்து மேல வை. இங்க எல்லாரும் ரொம்ப நேரமா கத்திக்கிட்டிருக்காங்க. உனக்குத்தான் கேக்கல."

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. சிவப்பு ஒன்பதைப் பார்த்தாள், கறுப்புப் பத்தைப் பார்த்தாள். அத்தை சொன்னது சரியான ஆட்டம். பிறகுதான் பொறி தட்டியது. சர்வருக்குப் பூஜ்ஜியத் திரை என்பது சுவரில் மாட்டியிருக்கிற நிஜத் திரை. அவள் போட்ட மறைவான திரைக்கு எண் ஒன்று. இவ்வளவு நேரமும் அவள் ஆடியது பேருந்து நிலையத்துச் சுவரில், நூறு பேர் கண் எதிரே.

"அத்தை, பின்னாடி ஒரு படம்..."

"பார்த்தேன். கடைவாய்ப் பல்லு ரெண்டு அடைச்சது கூடத் தெரியுது."

மன்னித்துவிடுங்கள், இதோ மாற்றிவிடுகிறேன் என்று குழறிக்கொண்டே அவள் மவுஸைப் பிடித்தாள். அவசரத்தில் வேறெங்கோ அழுத்திவிட, சீட்டுக்கட்டு முழுவதும் கலைந்து சரிந்தது. போனுக்குள் ஒரு கூட்டம் ஐயோ என்று வருத்தப்படுவது கேட்டது.

ஆனால் அத்தை கூப்பிட்டது சீட்டுக்காக மட்டுமல்ல. நிலைய அதிகாரி போர்டைப் பார்த்துவிட்டாராம். எவனோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டான், போர்டைப் பிடித்துவிட்டான் என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டு, சாவிக்கொத்தோடு சர்வர் அறையைப் பார்த்து நடக்கிறாராம். ப்ளக்கைப் பிடுங்கப் போகிறாராம்.

பச்சைக் கோடு முக்கால் தூரம்தான் வந்திருந்தது. பழையது போய்விட்டது, புதியது முழுசாக ஏறவில்லை. இந்த நேரத்தில் மின்சாரம் போனால் அந்த மெஷின் எழுந்திருக்காது. ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். மாதத்தின் கடைசி நாளில், கரையேறப் போகிற நேரத்தில். அவள் வீட்டுப் போனை எடுத்து அதிகாரிக்கு அடித்தாள். யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. யாருடன் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அழுதிருப்பாள். அவர் பேசிக்கொண்டிருந்தது அவள் மேலாளரோடு.

"அத்தை, அவரை எப்படியாவது நிறுத்துங்க. அவர் உள்ள போனா நான் நாளைக்கு இங்க இருக்க மாட்டேன்."

அந்த நிபந்தனையைப் பற்றி அத்தைக்குத் தெரியும். மகன் சொல்லியிருந்தான். "படத்தை மாத்தாதே, அப்படியே இருக்கட்டும்," என்றார். போனை அணைக்காமலே நடக்க ஆரம்பித்தார். செருப்புச் சத்தம் வேகமாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் அவள் காதால் மட்டும்தான் பார்த்தாள். அறை வாசலில் அத்தை அதிகாரியை மறித்துக்கொண்டார். உள்ளே புகுந்தது திருடனல்ல, என் மருமகள், கம்பெனி ஆள், வேலைதான் செய்கிறாள் என்றார். அதிகாரி நம்பவில்லை. நீங்கள் யார் என்றார். அந்தப் படத்தில் இருப்பதே நான்தான் என்றார் அத்தை. அதிகாரி போர்டைப் பார்த்தார், வாரி முடித்த தலையும் மடிப்புக் கலையாத உடையுமாக எதிரே நின்றவரைப் பார்த்தார். "ஏம்மா, விளையாடறீங்களா? அது யாரோ, நீங்க யாரோ," என்றார்.

யாரிடமோ கைப்பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அத்தை. பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. பிறகு கூட்டத்தின் சலசலப்பு அடங்கியது. கறுப்புத்திரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு யாரோ, "அவங்கதான்பா, அவங்களேதான்," என்றார். அதன் பிறகு எழுந்த கைதட்டலில் போன் அதிர்ந்தது. வாசல்வரை தலை வாராமல் போகாத அத்தை, நூறு பேர் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

அதிகாரி அசந்துதான் போனார். இருந்தாலும் சாவியைக் கீழே போடவில்லை. மருமகள் என்றால் பதில் சொல்லட்டும் என்றார். அவள் அவசரமாக ஒரு எழுதும் பெட்டியைத் திறந்தாள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, அத்தையின் நெற்றிக்கு மேலே தட்டினாள்.

ஐயா, தவறு என்னுடையது. தயவுசெய்து அறைக்குள் போகாதீர்கள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினார். அத்தையின் போன் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அவருக்குச் சுவரோடு பேசுவதுதான் முறையாகப் பட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

பத்து நிமிடம், ஐயா.

"சரி. அதுவரைக்கும் சும்மா இருக்காம, ஜனங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

நேர அட்டவணை அவள் கறுப்புத்திரையில் இருந்தது. ஒருவர் கேட்க, அதிகாரி அதை உரக்கச் சுவரிடம் சொல்ல, அவள் தேடிப் பதிலைத் தட்ட, கூட்டம் அதைச் சேர்ந்து படித்தது. கடற்கரைக்கு எது போகும், கடைசி வண்டி எப்போது, மூன்றாம் நடைமேடையில் ஏன் ஈரமாக இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. ஒரு பெரியவர், கலைந்த ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பச்சைக் கோடு கரையைத் தொட்டது. அவள் வணக்கம் சொல்லி, படத்தை எடுத்துவிட்டு, புதிய போர்டை ஓட விட்டாள். பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. அத்தையின் பஸ் இரண்டாவதாக இருந்தது.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். வெளுத்து வாங்கினார். எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டார்: யாராவது அறைக்குள் போனார்களா? இல்லை என்றாள். மெஷினில் கை வைத்தார்களா? இல்லை. அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. சொன்ன சொல் சொல்தான், அங்கேயே இரு, இனிமேலாவது மற்ற மனிதர்களைப் போல ஒன்றிலிருந்து எண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சந்தோஷப்பட அவளுக்கு நேரமில்லை. வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம். தலை ஒரு முடி கலையாமல் அப்படியே இருந்தது. பையை வைத்தார், பூனையைத் தடவினார், சோபாவில் உட்கார்ந்தார். அவள் போனை நீட்டி, உங்கள் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்துவிடுகிறேன் என்றாள்.

"அழிக்கறதாவது. எனக்கு ஒண்ணு அனுப்பு. பூனை நல்லா விழுந்திருக்கு."

அதற்குமேல் அவளுக்கு அடக்க முடியவில்லை. "தலை வாராம ஒரு போட்டோ எடுக்க விடமாட்டீங்க. எனக்காக ஏன் அத்தை, அத்தனை பேர் நடுவுல?"

அத்தை செருப்பு வாரால் சிவந்த காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ கிளம்பிப் போயிட்டா, நான் தூங்கறப்போ என்னை யாரு இப்படி உக்காந்து பார்ப்பா?"

அவள் போய் அத்தையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைக் கொண்டு வா, அந்தச் சீட்டாட்டத்தைத் திற, ஒன்பதை வைக்காமல் விட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை என்றார். இந்தத் தடவை அவள் திரை எண் ஒன்றா என்று இருமுறை பார்த்துவிட்டுத் திறந்தாள்.