ஐந்தாவது முடிச்சு

கலோயன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அறுவைப் பயிற்சிப் பெட்டிக்குள் இருக்கும் கேமராவில் அவருக்குத் தெரிவதெல்லாம் என் இரண்டு கருவிகளின் முனைகளும் ஒரு சிலிக்கான் தோல்துண்டும்தான். அவர் கடலோரத்து வார்னாவில். நான் டான்யூப் கரையில், நாட்டின் மறுகோடியில். வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு அவர் குரல் மட்டும் என் காதுக்குள் வரும். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். ஐம்பது வயதில் எனக்கு லேப்ராஸ்கோபி என்ற துளைவழி அறுவையைச் சொல்லித்தர அவர்தான் வாய்த்தார்.

"டாக்டர் ஸ்னெஷானா, ஊசியை ஏன் இப்படிக் கழுத்தை நெரிக்கிறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்க வயசுல எனக்கும் வாய் நீளம்தான்."

தையலில் ஐந்து முடிச்சுகள். இழுத்தாலும் அவிழாமல் ஐந்தும் நின்றால் அவர் என் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார், பயிற்சி அதோடு முடியும். சான்றிதழ் வந்தால் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலேயே நான் துளைபோட்டுப் பித்தப்பையை எடுக்கலாம். அதுவரை, வயிற்றைக் கிழித்தால் தாங்காத உடம்புக்காரர்களை ஆம்புலன்ஸில் ப்ளெவன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை, தனியாகப் பழகும்போது, ஐந்தும் நின்றன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. கணவர் போய் ஆறு வருஷம். மகள் ஸ்பெயினில், பண்டிகைக்குப் பண்டிகை பேசுவாள். வாரத்தில் ஒரு மணி நேரம் என்னைக் கிண்டல் செய்ய ஒரு மனிதர் இருந்தார், அவரையும் கையெழுத்து வாங்கி வழியனுப்பிவிடுவதா? மறுநாள் ஐந்தாவது முடிச்சின் கடைசிச் சுற்றை வேண்டுமென்றே தளரவிட்டேன். அவிழ்ந்தது.

"பரவாயில்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றார்.

அப்படி நான்கு வியாழன்கள். நடுவில் ரொட்டிக்கடை மெத்தோதிக்குப் பித்தப்பை வீங்கிவிட்டது. பலவீனமான இதயம். பனி உறைந்த சாலையில் ஆம்புலன்ஸில் போனவருக்குப் பாதி வழியில் மூச்சுத் திணறியது; ஏதோ பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி பாலாடைக்கட்டி வைத்த பானித்சா அப்பத்தைச் சூடாகச் சுட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேரத்துக்கு அனுப்பி வெச்சீங்க டாக்டர், நீங்க நல்லா இருக்கணும்." அதை என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அந்த வியாழனும் முடிச்சைத் தளரத்தான் விட்டேன். வெட்கம் கெட்டவள் நான்.

மார்ச் ஒன்றாம் தேதி வியாழனில் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலை அன்று ஒருவர் கையில் மற்றவர் கட்டிவிடுவோம், தனக்குத்தானே கட்டிக்கொள்வதில்லை. என் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கலோயனுக்காவது நான் கட்டலாமே என்று ஆசை. அவர் பார்ப்பது பெட்டிக்குள்தானே? கேமரா முன்னால், சிலிக்கான் தோலில், கருவிகளாலேயே அந்தக் கம்பளி நூலைக் கட்டினேன்.

"இது உங்களுக்கு. நோய்நொடி இல்லாம இருங்க."

"அட, எனக்கா!" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "டாக்டர், அதை இழுங்க."

"எதுக்கு?"

"இழுங்க."

இழுத்தேன். அசையவில்லை.

"இந்தப் பிசிறு நூல்ல இவ்வளவு சுத்தமாக் கட்டுற கைக்கு, அஞ்சாவது முடிச்சு மட்டும் எப்படி அவிழுது? எத்தனை வாரமா?"

"நாலு."

"அதுல எத்தனை பேரை ப்ளெவனுக்கு அனுப்பினீங்க?"

"ஒருத்தர். பொழச்சுட்டார்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏன் டாக்டர்?"

"அஞ்சும் நின்னா நீங்க போயிடுவீங்க."

கருவிகளைக் கீழே வைத்தேன்.

"சும்மா ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றார்.

சத்தியமாக, அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கீழே அவர் எண்ணும் இருந்தது. ஞாயிறு மதியம், மூன்று முறை ஃபோனை எடுத்து வைத்துவிட்டு, நான்காவது முறை அந்த எண்ணை அழுத்தினேன்.

"ஹலோ, யாரு?" என்றது அந்தக் குரல். பின்னால் குழந்தைகள் சத்தம், தட்டுகள் சத்தம். "ஹலோ? யாரு பேசறது?"

என்னை யாரென்று சொல்வது? வைத்துவிட்டேன்.