அறுபத்தொன்றாம் பக்கத்துப் பெயர்

1

இந்தக் கதை என் அண்ணன் தானிமுவிடமிருந்து திருடியது. இதுவரை ஆறு காதல் நாவல்கள் எழுதி எங்கள் ஊரான கானோவின் சந்தையில் விற்றிருக்கிறேன். ஆறிலும் கதாநாயகன் அவன்தான். பெயரும் மீசையும் மட்டும் மாறும்.

(முதல் வரியாக முதலில் எழுதியது: ‘கானோவில் தூசிக்காற்று வீசத் தொடங்கிய நாளில்…’ வேண்டாம். காற்றில் ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டு, ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவள் நான். காதலை வீட்டில்தான் பார்த்தேன். தானிமு லாகோஸ் சாலையில் லாரி ஓட்டுகிறவன். முன்கோபி, பொய்யன், வீம்பு பிடித்தவன். ஒருமுறை வெங்காய லோடோடு சாரியா வரை போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்தான். டயர் வெடித்துவிட்டது என்றான். போய்ப் பார்த்தேன். பத்து டயரும் நன்றாக இருந்தன. உள்ளே அவன் மனைவி பலராபா காய்ச்சலில் படுத்திருந்தாள்.

அந்த டயரை மூன்று நாவல்களில் வெடிக்க வைத்திருக்கிறேன்.

2

பலராபாதான் என் எல்லாக் கதாநாயகிகளும். அவள் கிண்டும் சோளக்களி கட்டி தட்டும். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் தானிமு ஒன்பது நாள் பயணம் முடிந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் பெயர் சூட்டு விழா. மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு வந்தாள். “எங்கடி போன?” என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவன் தலாக் சொன்னான். ஒரே ஒரு தடவை.

(‘அந்தச் சொல் கத்தியைப் போல அவள் நெஞ்சில்…’ அடித்துவிட்டேன். கத்தியெல்லாம் இல்லை, வாய்க்கொழுப்பு.)

வழக்கப்படி அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு முடிவதற்குள், திரும்பச் சேர்த்துக்கொண்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை முடிகிறது. அவன் சொல்லவில்லை. நானோ அதை எழுதி முதல் பாகமாக அச்சிட்டுவிட்டேன். மாமனார் வீட்டு வாசலில் கதாநாயகன் நசீர் நிற்பதோடு பாகம் முடிகிறது.*

* நசீர் நின்றான். தானிமு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இந்த ஒரு இடத்தில் நான் அவனைவிடப் பெரிய பொய்யன்.

3

எங்கள் நாவல்களின் பின்னட்டையில் எழுதியவரின் போன் நம்பர் இருக்கும். வாசகிகள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இன்று காலை தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தி.

“எழுத்தாளரம்மாவா? ரெண்டாம் பாகம் எப்ப வரும்?”

குரலை மாற்றியிருந்தாள். மூக்கடைப்பை மாற்ற முடியவில்லை. பலராபா.

“இன்னும் எழுதலைம்மா. யாரு பேசறது?”

“ஒரு வாசகி. உங்க புஸ்தகத்துல தப்பு இருக்கு. அறுபத்தொண்ணாம் பக்கம். நசீர்னு வர வேண்டிய எடத்துல வேற பேரு.”

நான் எப்போதும் உண்மைப் பெயரோடு எழுதி, கடைசியில் மாற்றுவேன். ஒன்று தப்பியிருக்கிறது.

“என்ன பேரு?”

“அதான்… வேற பேரு.”

“சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

“நீங்களே பாத்துக்கோங்களேன். எனக்குக் கண்ணு சரியில்ல.”

“பக்க நம்பர் தெரியுது, பேரு தெரியலையா?”

வைத்துவிட்டாள்.

வேறு எந்த வாசகியும் தானிமு என்று போட்டு உடைத்திருப்பாள். இவள் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் எந்த மனைவியும் சொல்வதில்லை. தலாக்குக்குப் பிறகு சொல்லலாம், தடையில்லை. இவள் இன்னும்

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

4

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

அ) நசீர் உள்ளே போகிறான். அழுகிறான். (தானிமு அழமாட்டான். டயர் வெடித்தது என்பான்.)

ஆ) நசீர் திரும்பிப் போகிறான். அவளுக்கு ஒரு பள்ளி ஆசிரியர் கிடைக்கிறார். நல்லவர். (மூன்று பக்கத்தில் எனக்கே தூக்கம் வந்தது.)

அவர்கள் சேர்ந்துவிட்டால் எனக்கு எழுத என்ன மிஞ்சும் என்றும் யோசித்தேன். யோசித்ததை மறைக்கவில்லை.

5

தானிமு முற்றத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒரு வாசகி போன் பண்ணா. அறுபத்தொண்ணாம் பக்கத்துல உன் பேரு அச்சாயிடுச்சாம்.”

“கழுத! டிரைவருங்க பூரா சிரிப்பானுங்களே!”

“என்ன பேருன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் அவ சொல்லல.”

துடைப்பது நின்றது.

“மூக்கு அடைச்சிருந்துச்சா?”

“ஆமா.”

“தூசிக் காலம் வந்தாலே அவளுக்கு அப்படித்தான். தைலம் தேய்க்கணும். அவங்க வீட்ல எவனுக்கும் அது தெரியாது.” பிறகு தரையைப் பார்த்துக் கேட்டான்: “உன் கதையில அவன் உள்ள போறானா?”

“ஏன், படிச்சியா?”

“லாரியில கெடந்துச்சு. போனா அவ சிரிப்பாளா?”

“சிரிப்பா.”

“நீ எழுதிடு தேலு. படிச்சிட்டு அப்பறம் போறேன்.”

ஆறு நாவல்களில் நான் அவனுக்காகப் பேசியிருக்கிறேன், மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இப்போது அவன் கேட்டதும் அதையேதான், ஏழாவது தடவையாக.

“மாட்டேன். நீ போனாத்தான் எழுதுவேன்.”

“திமிரு பிடிச்சவ” என்றான். உள்ளே போய்ச் சட்டை மாற்றினான். தொப்பியை வைத்தான், கழற்றினான், மறுபடி வைத்தான். பைக்கைக் கிளப்பினான்.

எங்கள் சந்து முனையில் இடது பக்கம் திரும்பினால் லாரி நிறுத்தம். வலது பக்கம் பலராபாவின் வீடு. நான் எழுந்து பார்க்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் எட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினான் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அவன் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன், பொய்யாக இருந்தாலும்.