நிற்கிற கால்

முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாய் முறுக்கிக்கொண்டு இறங்குகிறது, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய், விரலை எடுத்ததும் மறுபடி புடைக்கிறது, என் காலா, அப்பாவின் காலா என்று ஒரு கணம் பிடிபடவில்லை, அப்பா இதே சலூனில் நின்றபடியே டீ குடிப்பார், நின்றபடியே பேப்பர் படிப்பார், ஆளில்லாத மதியங்களிலும் சுழல்நாற்காலியில் உட்கார மாட்டார், அது வருகிறவர்களுக்கு உரியது, முப்பது வருஷமாக நானும் உட்காரவில்லை, யாரும் தடுத்ததுமில்லை, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்து, சொறிந்த இடம் ஆறு மாதமாய் ஆறாத புண், இனி நிற்க முடியாவிட்டால் கத்தரியைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்பதை மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலால் காற்றில் கோடு போடுகிறார், ரத்தம் கீழேருந்து மேல ஏறணும், வழியில சின்னச் சின்னக் கதவு இருக்கு, அது பழுதாயிட்டா ஏறினது திரும்ப இறங்கித் தேங்கிரும், போன தடவை குடுத்த, காலை இறுக்கிப் பிடிக்கிற காலுறையைப் போடுறீங்களா, தினமும் போடுதேன் என்றேன், பேச்சியம்மாள் விடவில்லை, ராத்திரி வலிக்கும்போது போடுவாக, காலையில கழட்டி மடிச்சு வச்சிட்டுக் கடைக்குப் போவாக, நஞ்சு கிழிஞ்சிரக் கூடாதாம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கிறார், நிக்கிற காலுக்குக் குடுத்ததைத் தூங்குற காலுக்குப் போட்டிருக்கீங்க, காலையில கட்டிலைவிட்டு இறங்குறதுக்கு முன்னாடி போடணும், படுக்கும்போது கழட்டணும், இப்போ புண்ணுக்கு இறுக்கிக் கட்டு போடுறேன், பழுதான நரம்பை அடைக்க லேசருக்கு நாள் குறிக்கலாம், அதுவரைக்கும் நடங்க, அப்பப்போ காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. கடையில எங்கம்மா உக்கார என்றேன், எல்லாரையும் உக்கார வைக்கிற நாற்காலி ஒங்களுக்கு மட்டும் குத்துமாக்கும் என்றாள் பேச்சியம்மாள்.

இன்று மதியம் உட்கார்ந்தேன், சவரத்துக்குச் சாய்க்கிற மாதிரி நாற்காலியைச் சாய்த்து, காலைக் கண்ணாடிக்கு முன்னால் உள்ள மேசைமேல் வைத்தேன், கண்ணாடியில் நாற்காலிக்குப் பின்னால் யாருமில்லை, அப்பா நின்ற இடம், நான் நிற்கிற இடம், காலியாக இருந்தது, ஆட்டோ ஓட்டுகிற சுடலைமுத்து எட்டிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, ஒமக்கு யாரு முடிவெட்டப் போறா என்கிறார், கைகள் தாமாகவே நாற்காலியின் கையைப் பற்றி உடம்பைத் தூக்கப் பார்க்கின்றன, பத்து நிமிஷம் இரும் வே என்கிறேன், குரல் வேறு யாருடையதோ போலிருக்கிறது, அவர் பெஞ்சில் உட்காருகிறார், கட்டுக்கு மேலே, தூக்கி வைத்த காலில், முறுக்கு தளர்ந்து, அந்தப் பச்சை மெல்ல மெல்ல உள்ளே அடங்கிக்கொண்டிருக்கிறது.